22 காரட் தங்கம் என்றார்கள், களிம்பு ஏறிவிட்டது: தஞ்சாவூர் ஓவியம் வாங்குபவர்கள் கவனத்துக்கு

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 38,000 ரூபாய் கொடுத்து ஹாலுக்கு வாங்கிய தஞ்சாவூர் ஓவியம் வெறும் பிரின்ட். விற்றவர்கள் கைவினைப் பொருட்களுக்கென்றே நடக்கும் ஓர் இணையச் சந்தையில் கடை வைத்திருப்பவர்கள். புகார் போயிருப்பதால் பெயர் வேண்டாம். அசலை எப்படிப் பார்த்து வாங்குவது, எங்கே மாட்டுவது என்றெல்லாம் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

விற்ற ஆள் பேசிய விதம் இருக்கிறதே! விலையைப் பற்றி வாயே திறக்கவில்லை. முதலில் சுவரை போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார். "இது வெளிச்சுவரா மேடம்? மழைக்கு ஓதம் ஏறும், பலகை வீங்கிடும். எதிர்ச் சுவர்ல மாட்டுங்க. ஜன்னல் வெயில் நேரா விழக்கூடாது. படத்தோட நடுப்பகுதி கண் மட்டத்துக்கு வரணும். மேலேருந்து சாய்வா ஒரு லைட் போட்டீங்கன்னா தங்கம் பேசும்." சொன்னது அத்தனையும் சரி, அதுதான் வயிற்றெரிச்சல். தொழில் தெரிந்தவன் பொய் சொல்வான் என்று யாருக்குத் தோன்றும்?

அப்புறம் ஒரு வீடியோ வந்தது. வெண்ணெய்த் தாழியோடு நிற்கும் கிருஷ்ணன், பக்கத்தில் மெல்லிய தூரிகையோடு ஒரு பெரியவர். "உங்க கிருஷ்ணனுக்குத்தான் இன்னிக்குக் கண் திறக்கிறோம்." வீட்டில் எல்லோரும் கூடி நின்று பார்த்தோம். பாக்கிப் பணத்தை அன்றைக்கே அனுப்பினேன். மொத்தம் 38,000 ரூபாய்.

வந்தபோது பளபளவென்றுதான் இருந்தது. மழைக்காலம் தாண்டுவதற்குள் கிரீடத்தின் ஓரம் கறுத்து, இடுப்பாபரணத்தில் பச்சைக் களிம்பு ஏறியது. தங்க ரேக்குக்கு, அதாவது ஒட்டுகிற மெல்லிய தங்கத் தகட்டுக்கு, களிம்பு ஏறாது. செம்பு கலந்த போலி ரேக்குக்குத்தான் ஏறும். ஃபிரேம் கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றியதும் மார்பிலிருந்து ஒரு பச்சைக் கல் உதிர்ந்தது. கல்லா அது, பிளாஸ்டிக். அவர் லென்ஸை என் கையில் கொடுத்து, "கண்ணைப் பாருங்கம்மா" என்றார். கருவிழி முழுக்கப் பொடிப் பொடியாக நீலம், மஞ்சள், சிவப்புப் புள்ளிகள். பத்திரிகைப் படத்தில் இருக்குமே, அதே மாதிரி. அந்தப் பெரியவர் திறந்த கண் யாருடையதோ! அச்சடித்த தாளைப் பலகையில் ஒட்டி, நகையும் கிரீடமும் வரும் இடத்தில் மட்டும் புடைப்பு வேலை செய்து ரேக்கை ஒட்டியிருக்கிறார்கள்.

இதற்கப்புறம் விற்றவரிடம் கேட்டபோது நடந்த கூத்து தனி. "பழசாகப் பழசாகத்தான் மேடம் தஞ்சாவூர் படத்துக்கு மெருகு." சரி, புள்ளிகள்? "கேமரால அப்படித் தெரியும்." லென்ஸில் பார்த்தேன் என்றேன். "டீமுக்கு ஃபார்வர்ட் பண்ணியிருக்கேன்." அந்த டீம் எந்த லோகத்தில் இருக்கிறதோ. பிறகு, அளவு சொல்லிச் செய்த படத்துக்கு ரீஃபண்ட் கிடையாது என்றார்கள். கடைசியில் என் எண்ணையே பிளாக் செய்துவிட்டார்கள். சந்தைக்காரர்களைக் கேட்டால், "நாங்கள் இடையில் இருப்பவர்கள் மட்டுமே, விற்பனையாளரிடம் பேசுங்கள்." 2020 மின்வணிக விதிகளின்படி அவர்களுடைய குறைதீர்ப்பு அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். எனக்கு வந்தது தானியங்கி மெயில் ஒன்று. என் 38,000 ரூபாய்க்கு அவ்வளவுதான் மரியாதை.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், கை நடுங்குகிறது, சுருக்கமாக முடிக்கிறேன். முகத்தையும் கண்ணையும் லென்ஸ் வைத்துப் பாருங்கள், நகையைப் பார்த்து மயங்காதீர்கள். நேரில் பார்க்க முடியாவிட்டால் முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள். தங்க ரேக்கு, பலகை, கையால் வரைந்தது என்று மூன்றையும் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். தனியாகத் தரும் அழகான சான்றிதழ் காகிதத்துக்கு மதிப்பில்லை, எனக்கும் ஒன்று தந்தார்கள். விற்றவரோடு பேசிய சாட் எதையும் அழிக்காதீர்கள். ஏமாந்தால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். எங்கே மாட்டுவது என்பதை அந்த ஆளே மேலே சொல்லிவிட்டார்.

இதே கிருஷ்ணன் இன்று காலையிலும் அந்தத் தளத்தில் இருக்கிறான், 'ஒரே ஒரு பீஸ்தான் பாக்கி' என்று. விலையை 42,000 ஆக்கியிருக்கிறார்கள்.