அலர்ட்டை யார் பாக்குறது: வாஸூவா, மாசச் சந்தா சர்வீஸா?

மண்டபம் பக்கம் ஒரு மீன் ஏற்றுமதி கம்பெனியில சிஸ்டம் பாக்குறேன், மொத்தம் 14 கம்ப்யூட்டர். எவனாவது உள்ள நுழைஞ்சா, ஃபைலை எல்லாம் பூட்டுறதுக்கு முன்னாடியே தெரியணும்னு ரெண்டு வழியையும் போட்டுப் பாத்தேன். ஒண்ணு, வெளியூர் டீம் 24 மணி நேரமும் கண்காணிக்கிற மாசச் சந்தா சர்வீஸ். இன்னொண்ணு வாஸூ (Wazuh), மெஷின்ல நடக்குறதோட பதிவை, அதாவது லாக்கை, பாத்து அலர்ட் குடுக்குற ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர், லைசன்ஸ் காசு கிடையாது, நாமளே சர்வர் வெச்சு ஒவ்வொரு மெஷின்லயும் ஏஜெண்ட்ங்கிற சின்ன புரோகிராமைப் போட்டுக்கணும். ஆன்டிவைரஸ் மட்டும் போதாது, திருடுன பாஸ்வேர்டுல லாகின் பண்றவன் அதுக்கு வைரஸாத் தெரிய மாட்டான்.

சந்தா சர்வீஸ்ல ராத்திரி முழிச்சிருக்க ஆள் இருக்கு, சந்தேகப்பட்ட மெஷினை உடனே நெட்வொர்க்ல இருந்து துண்டிச்சிடுவாங்க. எங்களுக்கு வினையே அதுலதான். ராமேஸ்வரம் விசைப்படகு திங்கள், புதன், சனி கடலுக்குப் போய் மறுநாள் விடியக்காலை கரை திரும்பும், அதனால செவ்வாய், வியாழன், ஞாயிறு 4 மணிக்கு பில்லிங் லாகின் ஆகுறது சாதாரணம். ஒரு செவ்வாய்க்கிழமை அதைப் பாத்துட்டு மெஷினையே துண்டிச்சிட்டாங்க. தராசுல நண்டு, பெட்டியில ஐஸ் உருகுது, கணக்கு பாக்குற அண்ணன் அட்டையைக் கிழிச்சு எடை எழுதுறாரு, நான் போன்ல "சார் அது எங்க ஆளுதான்"னு கெஞ்சிட்டு இருக்கேன். நாள் கணக்கெல்லாம் எழுதிக் குடுத்தும் ஷிஃப்ட் மாறுன ஆளுக்குப் போய்ச் சேரல, அடுத்த வாரமும் அதே கதை. கடைசியில ராத்திரி லாகின் அலர்ட்டையே மொத்தமா நிறுத்திட்டாங்க. அப்புறம் நிஜத் திருடன் வந்தா மட்டும் எப்படித் தெரியும்?

வாஸூல ரூல் எழுதும்போதே கிழமையும் நேரமும் குடுக்கலாம். படகு வராத நாள்ல விடியக்காலை லாகின், அதாவது விண்டோஸ் ஈவெண்ட் 4624, வந்தா என் டெலிகிராமுக்கு அலர்ட் வந்துடும். ஒரு வெள்ளி ராத்திரி 2 மணிக்கு அக்கவுண்ட்ஸ் மெஷின்ல 4625, லாகின் ஃபெயில், வரிசையா கொட்டுது. எடை சாஃப்ட்வேர் போட்டவங்க ரிமோட் டெஸ்க்டாப்புக்காக, அதாவது வெளியில இருந்தே மெஷினை இயக்குறதுக்காக, ரவுட்டர்ல 3389 போர்ட்டைத் திறந்துட்டு மூடாமலே போயிருக்காங்க. அப்பவே மூடுனேன், யாரும் உள்ள வரல.

பராமரிப்பு வேலை இருக்குதான். 4 கோர், 8 ஜிபி மெஷின் ஒண்ணு வேணும், உப்புக் காத்து படாம ஏசி ரூம்லயே வெச்சிருக்கேன். மத்திய அரசோட சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022ல போட்ட உத்தரவுப்படி லாக் 180 நாள் இருக்கணும், அதனால டிஸ்க்கைப் பாத்துட்டே இருக்கணும். அப்டேட்ல, சர்வர்ல ஓடுற வாஸூ மேனேஜரை முதல்ல ஏத்தணும், ஏஜெண்ட் அதைவிடப் புதுசா இருக்கக் கூடாது. முதல் ரெண்டு மாசம் தேவையில்லாத அலர்ட்டை அடக்கவே நேரம் போச்சு.

ஃபைலைப் பூட்டிட்டுக் காசு கேக்குற நிஜ ரான்சம்வேர் எங்களுக்கு வந்ததில்ல, அந்த நேரத்துல எது வேகமா தடுக்கும்னு என் அனுபவத்துல சொல்ல முடியாது. 200 மெஷின் இருக்கிற இடத்துக்கும் என் பேச்சு பொருந்துமான்னு சந்தேகம். நான் தூங்குறப்போ யார் பாக்குறதுங்கிறதுக்கு, ஐஸ் பிளாண்ட் நைட் ஷிஃப்ட் தம்பி போனுக்கும் அலர்ட் போகுது, வந்தா ஸ்விட்சுல இருக்கிற நீலக் கேபிளை உருவிடுன்னு சொல்லி வெச்சிருக்கேன். ஏப்ரல் 15ல இருந்து 61 நாள் தடைக்காலம், விசைப்படகு போகாது, அப்போ அந்த மூணு நாள் விலக்கையும் ரூல்ல இருந்து எடுத்துடுவேன்.