புலமா, பொட்டென்ஷியலா, வளையமா?

மின்காந்தவியலின் கேஜ் சமச்சீர்மை சொல்வது இது: வெக்டார் பொட்டென்ஷியலை (ஒவ்வொரு புள்ளியிலும் மதிப்புள்ள, காந்தப் புலத்தைக் கணக்கிட உதவும் கணியம்) ஒரு குறிப்பிட்ட விதத்தில் மாற்றி, எலக்ட்ரான் அலையின் கட்டத்தையும் (phase, அலை தன் ஏற்ற இறக்கத்தில் நிற்கும் நிலை) அதற்கேற்ப மாற்றினால் எந்த அளவீடும் மாறாது. அப்படியானால் நிஜமாக இருப்பது எது? 1959-இல் அஹரனோவும் போமும் முன்வைத்த சோதனைதான் இதற்கு உரைகல். நீண்ட வரிச்சுருளுக்குள் காந்தப் புலம் அடைபட்டிருக்கிறது, வெளியே சுழி. ஆனாலும் சுருளின் இருபுறமும் பிரிந்து சென்று சேரும் எலக்ட்ரான் அலைகளின் குறுக்கீட்டுப் பட்டைகள் நகர்கின்றன. உள்ளே காந்தப் பாயம் (flux, சுருளின் குறுக்குவெட்டு வழியே செல்லும் மொத்தப் புலம்) 4.14×10⁻¹⁵ வெபர் கூடினால், ஒரு முழு இடைவெளி நகர்ந்து பழைய கோலமே திரும்பிவிடும்.

புலம் மட்டுமே நிஜம் என்றால், எலக்ட்ரான் எட்டிப்பார்க்காத இடத்துப் புலம் எட்ட இருந்தே அதைப் பாதிக்கிறது என்றாகிறது. புலம் வெளியே கசிந்திருக்கும் என்ற சாக்கு 1986-இல் போயிற்று: டோனமுரா குழு வளையக் காந்தத்தை, புலத்தை வெளியே விடாத நையோபியம் மீக்கடத்தியால் மூடியே சோதித்தது.

பொட்டென்ஷியலே நிஜம் என்பது முதல் பார்வைக்குக் கவர்ச்சியானது. எலக்ட்ரானின் பாதையிலேயே அது இருக்கிறதே. சிக்கல் காலத்தில் இருக்கிறது. நண்பகல் வரை சுழியாக இருந்து, அதன்பின் மெல்ல வளரும் ஒரு கேஜ் மாற்றத்தை (மேலே சொன்ன, எந்த அளவீட்டையும் தொடாத மாற்றம்) எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் ஒன்றுபோலிருந்த இரு பொட்டென்ஷியல்கள் மாலையில் வேறாகின்றன. இரண்டும் சமன்பாடுகளுக்கு உட்பட்டவை. எது நடந்தது என்று விதியும் சொல்லாது, சோதனையும் சொல்லாது. ஒரு கேஜை, அதாவது பொட்டென்ஷியலைத் தேர்ந்தெடுக்கும் ஒரு விதியை, பிடித்து வைத்துக்கொள்ளலாமே என்றால்: கூலூம் கேஜில் தூரத்து மின்னூட்டம் அசைந்த கணமே இங்கே பொட்டென்ஷியல் மாறிவிடுகிறது. லோரென்ஸ் கேஜில் எல்லாம் ஒளிவேகத்தில் ஒழுங்காக நடக்கிறது. ஆனால் தொடக்கத்தில் எந்தப் பொட்டென்ஷியல் இருந்தது என்பதை எந்தக் கருவியாலும் கண்டுபிடிக்க முடியாது. கணக்குப் போட இவை அருமையான கருவிகள்தான். உலகின் சரக்காக எடுத்துக்கொண்டால்தான் வம்பு.

என் ஓட்டு வளையத்துக்கு, அதாவது ஒரு மூடிய பாதை முழுவதற்கும் சேர்த்துக் கிடைக்கும் அளவுக்கு. சுருளுக்கு வெளியே விரும்பிய எந்தப் புள்ளியிலும் பொட்டென்ஷியலைச் சுழியாக்கிவிடலாம். சுருளைச் சுற்றும் வளையம் முழுவதும் மட்டும் முடியாது, வளையம் நெடுகப் பொட்டென்ஷியலின் கூட்டுத்தொகை உள்ளே இருக்கும் பாயத்துக்குச் சமமாகியே தீரும். அந்தத் தொகைகூட அல்ல, அதிலிருந்து கிடைக்கும் கட்டக் காரணியே (அலையின் கட்டம் எவ்வளவு திரும்புகிறது என்று சொல்லும் எண், முழுச் சுற்றுகளை இது கணக்கில் கொள்ளாது) கூடுதலும் குறைவும் இல்லாத விவரிப்பு என்று 1975-இல் வூவும் யாங்கும் காட்டினார்கள். 4.14×10⁻¹⁵ வெபரில் பழைய கோலம் திரும்புவது இதனால்தான். நண்பகல் குழப்பமும் இங்கே எழாது, கேஜ் மாற்றம் இந்தக் காரணியைத் தொடுவதே இல்லை.

இதற்கும் விலை உண்டு. சுருளைச் சுற்றியுள்ள வெளியை இரண்டு அரைவட்டங்களாக வெட்டுங்கள். ஒவ்வொரு அரைக்குள்ளும் வரையும் எந்த வளையமும் பாயத்தைக் காட்டாது, சேர்த்தால்தான் காட்டும். பாகங்களைப் பற்றி எல்லாம் தெரிந்தாலும் முழுமை தெரியாது. அடுத்த நொடி என்ன என்றே சொல்லாத பொட்டென்ஷியலைவிட இது சகிக்கத்தக்கது என்பது என் கணிப்பு.

இது மின்காந்தத்துக்குச் சொன்னது. வலுவிசைக்கான (அணுக்கருவைப் பிணைக்கும் விசை) யாங்–மில்ஸ் கோட்பாட்டில் வளைய மாறிகளே ஒன்றையொன்று சார்ந்திருப்பதால், பொட்டென்ஷியலோடு விலக்கிய மிகைச்சரக்கு வேறு வேடத்தில் திரும்புகிறது. அங்கே இவ்வளவு உறுதியாகப் பேச மாட்டேன். சுருளையும் குவாண்டம் பொருளாகவே கருதினால் புலங்களைக் கொண்டே விளக்கிவிடலாம் என்று 2012-இல் வைட்மன் வைத்த வாதமும் இன்னும் விவாதத்தில் இருக்கிறது.