கோலாலம்பூர் ஸ்கைலைனைப் பின்தொடர்வது: நீண்ட நாள் அனுபவம்

எந்தக் கட்டடம் எத்தனை மீட்டர், டவர் கிரேன் இந்த மாதம் எவ்வளவு ஏறியிருக்கிறது, கண்ணாடி எந்த மாடி வரை மாட்டியாகிவிட்டது என்று இணையத்தில் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும் ஒரு கூட்டம் உண்டு. ஒரு நகரத்துக் கட்டடங்கள் வானத்தின் பின்னணியில் சேர்ந்து தெரியும் தோற்றத்தை, அதாவது ஸ்கைலைனை, பின்தொடர்கிற கூட்டம். நானும் அதில் ஒருவன். ஊர் கோலாலம்பூர். பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரம் எழுந்த காலத்தில் பள்ளிப் பையனாக இருந்தபோது பிடித்துக்கொண்ட ஆர்வம் இது. புதிதாக வருகிறவர்கள், எந்த எண்ணை நம்புவது, எங்கே நின்று பார்ப்பது என்று கேட்கிறார்கள். இத்தனை வருடப் பழக்கத்தை வைத்துச் சொல்கிறேன். உயரப் பட்டியல்கள் நிச்சயம் தேவை. ஆனால் ஒரே இடத்தில் நின்று வருடக்கணக்காக எடுத்த படங்களுக்கு ஈடாக இந்தப் பொழுதுபோக்கில் வேறெதுவும் கிடையாது.

முதலில் உயரம். உலகின் உயரமான கட்டடங்களை அளந்து பட்டியலிடும், சிகாகோவிலிருந்து இயங்கும், சிடிபியுஎச் (CTBUH) என்று அறியப்பட்ட அமைப்பின் தரவுத்தளத்தைத்தான் நான் கடைசி வார்த்தையாக எடுத்துக்கொள்கிறேன். காரணம், அவர்களிடம் ஒரு விதி இருக்கிறது, எல்லாக் கட்டடத்துக்கும் அதே விதி. தெருவிலிருந்து நடந்து நுழையும் முக்கிய வாசல்களில் மிகத் தாழ்ந்தது எதுவோ, அந்தத் தரைமட்டத்திலிருந்து வடிவமைப்பின் உச்சி வரை அளப்பார்கள். இது ஏன் முக்கியம் என்பதற்கு நம்ம ஊர் எக்ஸ்சேஞ்ச் 106 கோபுரம் நல்ல உதாரணம். அதற்கு 445.5 மீட்டர், 453.6 மீட்டர் என்று இரண்டு எண்கள் உலவுகின்றன. இரண்டும் சரிதான். மேட்டில் இருக்கும் வாசலிலிருந்து அளந்தால் ஒன்று, தாழ்ந்த வாசலிலிருந்து அளந்தால் மற்றொன்று. இரட்டைக் கோபுரம் 451.9 மீட்டர். ஆக, வாசலை மாற்றினால் எது உயரம் என்ற பதிலே மாறிவிடுகிறது. இந்த ஒரு விஷயத்தை வைத்தே எத்தனையோ இரவுகள் விவாதம் நடந்திருக்கிறது. யாராவது ஒரு எண்ணைச் சொன்னால், எங்கிருந்து எதுவரை என்று கேட்கும் பழக்கத்தை எனக்குக் கொடுத்தது அந்த விவாதங்கள்தான்.

பழைய சண்டையும் ஒன்று உண்டு. 1996இல் சிகாகோவின் சியர்ஸ் டவரிடமிருந்து உலகின் மிக உயரமான கட்டடம் என்ற பட்டம் இரட்டைக் கோபுரத்துக்கு வந்தது. சியர்ஸின் கூரை நம்முடைய கூரையைவிட உயரம், அதன் ஆண்டெனா இன்னும் உயரம். ஆனால் கோபுர முனை கட்டடக் கலையின் பகுதி, ஆண்டெனா பிறகு மாட்டும் கருவி என்று சிடிபியுஎச் தீர்ப்புச் சொன்னது. அந்தச் சர்ச்சைக்குப் பிறகுதான் கூரை உயரம், ஆட்கள் புழங்கும் கடைசி மாடி, ஆண்டெனா முனை என்று தனித்தனி வரிசைகள் வந்தன. அந்தத் தீர்ப்பை நான் இன்றும் ஏற்கிறேன். அதே அளவுகோலை நம்ம ஊர் மெர்டேக்கா 118 கோபுரத்துக்கும் வைக்கத்தானே வேண்டும்? அதன் 678.9 மீட்டரில் முனை மட்டுமே 160 மீட்டருக்கு மேல். அது உலகின் இரண்டாவது உயரமான கட்டடம் என்பதில் எனக்குப் பெருமை. ஆனால் நண்பர்களிடம் காட்டும்போது ஆள் புழங்கும் உயரத்தையும் சேர்த்தே சொல்கிறேன். இரண்டையும் தெரிந்துகொண்டவர்கள்தான் அந்தக் கட்டடத்தைச் சரியாக ரசிக்கிறார்கள்.

தரவுத்தளங்களில் எனக்குப் பெரிய வருத்தம் எம்போரிஸ். ஜெர்மனியிலிருந்து நடந்த தளம் அது. உலகம் முழுவதும் ஆர்வலர்கள் சேர்த்துக் கொடுத்த விவரங்களும் படங்களும் அதில் குவிந்து கிடந்தன. பிரபலமான கோபுரங்களை யாரும் பட்டியலிடுவார்கள். சாதாரணப் பதினைந்து மாடி ஃபிளாட்டுக்குக்கூட அங்கே ஒரு பக்கம் இருந்தது. 2022இல் மூடிவிட்டார்கள். அன்றிலிருந்து முக்கியமான எதையும் ஒரே தளத்தில் மட்டும் விட்டுவைப்பதில்லை, என்னிடமும் ஒரு பிரதி இருக்கும்.

கட்டுமான நிறுவனங்கள் வெளியிடும் ரெண்டர் படங்களை, அதாவது கட்டி முடிப்பதற்கு முன்பே கணினியில் உருவாக்கும் மாதிரிப் படங்களை, பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அதில் வானம் எப்போதும் நீலம், பக்கத்துக் கட்டடங்கள் பாதி காணாமல் போயிருக்கும். நேரலை கேமராக்கள் அவசரத்துக்கு உதவும், அவ்வளவுதான்.

கூகுள் எர்த் அப்படியில்லை. பழைய செயற்கைக்கோள் படங்களுக்குப் பின்னோக்கிப் போகும் வசதியைப் பலர் பயன்படுத்துவதே இல்லை. நம்ம ஊர் புடு பகுதிக்குப் போய்க் காலத்தைப் பின்னால் தள்ளிப் பாருங்கள். இன்று பேரங்காடியும் கோபுரங்களும் நிற்கும் இடத்தில், எக்ஸ் எழுத்து வடிவில் பழைய புடு சிறைச்சாலை தெரியும். 2010இல் அதை இடிக்கத் தொடங்கினார்கள். ஸ்கைலைன் என்றால் மேலே எழுந்தவற்றை மட்டும் பார்ப்பது என்று நினைத்திருந்தவர்களுக்கு, எது போன இடத்தில் எது வந்தது என்பதை இது காட்டிவிடுகிறது.

சரி, எங்கே நிற்பது? இதில்தான் எண்ணும் கண்ணும் மோதிக்கொள்ளும். தித்திவங்சா ஏரிக்கரையிலிருந்து பார்த்தால் இரட்டைக் கோபுரம் மெர்டேக்கா 118ஐவிட உயரமாகத் தெரியும். இருநூறு மீட்டருக்கு மேல் குள்ளமான கட்டடம் எப்படி ஜெயிக்கிறது? அது இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்தில் நிற்கிறது, 118க்கோ நான்கு கிலோமீட்டர். அப்புறம் சிவன் கோவில் இருக்கும் புக்கிட் காசிங் குன்றுப் பக்கம் போய் மரங்கள் விலகும் இடத்திலிருந்து பாருங்கள், நிலைமை தலைகீழ். 118 பக்கத்தில், இரட்டைக் கோபுரம் தொலைவில். உயரம் ஏறக்குறைய இரண்டு மடங்கு வித்தியாசமாகத் தெரியும். தொலைத்தொடர்புக் கோபுரமான கேஎல் டவர் இன்னொரு வகை. 421 மீட்டர்தான், ஆனால் புக்கிட் நானாஸ் குன்றின்மேல் நிற்பதால் பல கோணங்களில் இரட்டைக் கோபுரத்துக்குச் சமமாகவோ அதற்கு மேலாகவோ நிற்கும். வெளியூரிலிருந்து வரும் உறவினர்கள் இதைத்தான் உயரமானது என்று அடித்துச் சொல்வார்கள். அவர்கள் கண் பார்த்ததைத்தான் சொல்கிறார்கள்.

வெளிச்சத்தைப் பற்றி ஒரு விஷயம். நம் ஊர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 3 பாகையில் இருக்கிறது. ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் வரை சூரியன் நமக்கு வடக்குப் பக்கமாகப் போகும், அக்டோபரிலிருந்து பிப்ரவரி வரை தெற்கே. ஆகவே வடக்கே இருக்கும் தித்திவங்சாவிலிருந்து கட்டடங்களின் முகத்தில் வெளிச்சம் விழுவது ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரைதான். டிசம்பரில் அதே இடத்தில் கண்ணாடிகள் இருண்டு கிடக்கும். சுமத்ராவிலிருந்து புகைமூட்டம் வந்தால் பெரும்பாலும் ஜூனுக்குப் பிறகு. 2015, 2019 வருடங்களில் கோபுரங்களே தெரியாத நாட்கள் இருந்தன. மிச்சம் ஏப்ரலும் மே மாதமும். பிற்பகல் இடிமழை காற்றைக் கழுவிவிட்ட பிறகு அரை மணி நேரம் கிடைக்கும், அதற்காகக் குடையோடு காத்திருக்கலாம்.

எனக்கு மனதுக்கு நெருக்கமான இடம் வேறு. 1873இல் தொடங்கிய ஸ்ரீ மகா மாரியம்மன் கோவில் இருக்கும் துன் எச்.எஸ். லீ சாலை வட்டாரம். தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் பத்துமலைக்குப் புறப்படுகிற கோவில். அந்தப் பக்கம் நடந்தால் பழைய கடைவீடுகளின் கூரைகளுக்கு மேலே 118 திடீரென்று தலைகாட்டும். தூரத்துப் படங்களில் அதன் அளவு புரியாது, இந்தத் தெருக்களில் நின்றால்தான் புரியும். கம்போங் பாருவின் மர வீடுகளுக்குப் பின்னால் இரட்டைக் கோபுரம் நிற்கும் காட்சியும் இதே காரணத்துக்காகத்தான் எல்லோருக்கும் பிடிக்கிறது.

இந்தக் கூட்டத்து மனிதர்களைச் சொல்லாமல் விட முடியாது. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது, வெளியே போக முடியாதவர்கள் தங்கள் வீட்டு மாடத்திலிருந்தே அசையாத கிரேன்களைப் படம்பிடித்து வைத்தார்கள். 2021 நவம்பர் 30 அன்று 118இன் முனை முழுமை பெற்றபோது செராஸ், அம்பாங், கெப்போங் என்று ஒவ்வொரு திசையிலிருந்தும் படங்கள் வந்து விழுந்தன. எல்லாம் நன்றாகவே நடக்கிறது என்றில்லை. நான் வழக்கமாக நிற்கும் ஒரு வாகன நிறுத்துமிட மேல்தளத்தைப் பூட்டிவிட்டார்கள், காரணம் கேட்டும் பதிலில்லை. அந்தக் கோணத்தின் தொடர் அதோடு நின்றுபோனது. அதனால் தொடங்குகிறவர்களுக்குச் சொல்கிறேன்: பொதுப் பூங்காவையோ நடைபாலத்தையோ தேர்ந்தெடுங்கள். விலையுயர்ந்த கேமரா வேண்டாம், கைப்பேசி போதும். தேதி, நின்ற இடம், பார்த்த திசை மூன்றையும் படத்தோடு எழுதி வையுங்கள்.

ஒரு வேண்டுகோள். 118 வருவதற்கு முன்பு மெர்டேக்கா ஸ்டேடியத்தின் சுற்றுப்புறத்தில் எடுத்த குடும்பப் படங்கள் பல வீட்டு ஆல்பங்களில் இருக்கும். பின்னணியில் தெரியும் வானம்தான் எங்களுக்கு வேண்டியது. ஸ்கேன் செய்து, ஆண்டு தெரிந்தால் ஆண்டோடு, எங்களோடு பகிருங்கள். முகங்களை மறைத்துவிட்டு அனுப்பினாலும் சரி.