இரண்டு மணி நேரத்தில் ரெசின் நகையா? பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

"இரண்டே மணி நேரம், அன்றைக்கே செய்து அன்றைக்கே போட்டுக்கொண்டு போகலாம்" என்று எபாக்ஸி ரெசின் நகை வகுப்புக்கு யாராவது விளம்பரம் போட்டிருந்தால், அந்த வரியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பணம் கட்ட வேண்டாம். எபாக்ஸி ரெசின் என்பது இரண்டு திரவங்களைக் கலந்து ஊற்றினால் மெல்ல மெல்லப் பிளாஸ்டிக் போலக் கெட்டியாகிற பொருள். அவசரத்துக்கு வேலை செய்கிற பொருளே இல்லை. ஊற்றியதை மோல்டிலிருந்து, அதாவது அச்சிலிருந்து, எடுக்கவே பெரும்பாலும் 24 மணி நேரம் ஆகும். உள்வரை கெட்டிப்பட 72 மணி நேரத்தில் தொடங்கி ஒரு வாரம் வரை போகும். ரெசின் பாட்டிலைக் கையில் தொட்டவர் யாருக்கும் இது தெரியும். வகுப்பு நடத்துபவருக்குத் தெரியாமல் இருக்காது. அப்படித் தெரிந்தே விளம்பரம் போட்ட ஓர் இடத்தில்தான் நானும் இன்னும் சிலரும் ஒரு நாள் உட்கார்ந்திருந்தோம்.

மேஜையைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். வண்ண வண்ணமாகப் பிக்மென்ட், கிளிட்டர், பளபளவென்று சிலிக்கான் மோல்டுகள், கிண்ணத்தில் பூவிதழ்கள். மாதிரிக்கு வைத்திருந்த கம்மல்கள் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தன. ஆளுக்கு ஒரு ஜோடி கையுறை கொடுத்தார்கள்: தலைக்கு டை அடிக்கும் பாக்கெட்டில் வருமே, அந்த மெல்லிய பாலித்தீன் உறை. போட்டதும் ஒரு விரல் கிழிந்தது. வேறு கேட்டால், "பரவாயில்லை மேடம், இது நச்சே இல்லாத ரெசின்" என்று பதில்.

இந்த 'நச்சில்லாதது' என்ற பேச்சை நன்றாகக் கவனியுங்கள். முழுதாகக் கெட்டிப்பட்ட பிறகு ரெசின் பெரும்பாலும் சாதுவான பொருள்தான். திரவமாக இருக்கும்போது கதை வேறு. ரெசினும், அதைக் கெட்டிப்படுத்தக் கலக்கும் இரண்டாவது திரவமான ஹார்டனரும் தோலில் படப் பட உடம்பு அதை எதிரியாக நினைக்கத் தொடங்கிவிடும். ஒருமுறை அந்த ஒவ்வாமை வந்துவிட்டால் பொதுவாக ஆயுளுக்கும் போகாது. அடுத்த முறை துளி பட்டாலும் தடிக்கும். அதனால்தான் நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் கையுறை போடச் சொல்கிறார்கள். பாட்டிலின் பாதுகாப்புத் தகவல் தாளிலேயே தோல் ஒவ்வாமை பற்றிய எச்சரிக்கை அச்சிட்டிருக்கும். அந்தத் தாளைக் கேட்டேன். அப்படி ஒன்று இருப்பதே அங்கே யாருக்கும் தெரியவில்லை.

ரெசின் வேலையில் பாதி கலவையில்தான் இருக்கிறது. எவ்வளவு எடுப்பது, எப்படிக் கலக்குவது, எப்போது ஊற்றுவது, இதைக் கற்றுக்கொள்ளத்தான் வகுப்புக்குப் போகிறோம். இவர்களோ அந்தப் பகுதியை எங்களிடம் காட்டவே இல்லை. உதவியாளர் ஒருவர் ஓரமாக நின்று மொத்தமாகக் கலந்து, சின்னக் கப்களில் பங்கு போட்டுக் கொடுத்தார். நான் எழுந்து போய்ப் பார்த்தேன். பாட்டிலில் ரெசின் இரண்டு பங்கு, ஹார்டனர் ஒரு பங்கு என்று தெளிவாக இருந்தது. அவர் இரண்டையும் சரிபாதியாக ஊற்றிக்கொண்டிருந்தார். அளவுக்கோடு போட்ட கப்பும் இல்லை, எடை மெஷினும் இல்லை, எல்லாம் கண்ணளவுதான்.

"லேபிள்ல ரெண்டுக்கு ஒண்ணுன்னு போட்டிருக்கே?"

"ஹார்டனர் கொஞ்சம் கூடப் போட்டா சீக்கிரம் செட் ஆயிடும் மேடம். உங்களுக்கு லேட் ஆகக் கூடாதுல்ல."

எல்லாக் கோளாறுக்கும் வேர் இந்தப் பதில்தான். ஹார்டனர் என்பது வேகத்தைக் கூட்டும் மருந்து இல்லை. ரெசினோடு கணக்காகக் கைகோத்துப் பிணைந்து, தானும் அந்தக் கெட்டிப் பொருளின் பாகமாக ஆகிற சரக்கு அது. பிணைய ரெசின் இல்லாமல் மிஞ்சுகிற ஹார்டனர் உள்ளேயே சும்மா கிடக்கும். பொருள் ரப்பர் மாதிரி நெளியும், மேலே பிசுபிசுக்கும், எத்தனை நாள் வைத்தாலும் சரியாகாது. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. சில பிராண்டுகள் கன அளவில் விகிதம் சொல்லும், சில எடையில் சொல்லும். பொதுவாக ஹார்டனரைவிட ரெசின் சற்றுக் கனம் என்பதால் இரண்டும் ஒன்றல்ல. கன அளவுக்குச் சொன்ன விகிதத்தை எடை மெஷினில் வைத்தால் அதுவும் தப்பாகத்தான் முடியும்.

கலக்கிய நேரம் அரை நிமிடம் இருந்தால் அதிகம். குறைந்தது மூன்று நிமிடமாவது நிதானமாக, கப்பின் ஓரத்தையும் அடியையும் வழித்து வழித்துக் கலக்க வேண்டும். ஓரத்தில் ஒட்டியிருக்கும் கலக்காத ரெசின்தான் பிறகு ஆங்காங்கே ஒட்டும் திட்டாக நிற்கும்.

அப்புறம் பூக்கள். கிண்ணத்தில் இருந்தவை அன்று பறித்த இதழ்கள். கையில் எடுத்தால் குளிர்ச்சி தெரிந்தது. ஈரம் உள்ள பூவை ரெசினில் புதைத்தால் குமிழி வரும், நிறம் பழுப்பாகும், உள்ளேயே கெடும். நன்றாக உலர்த்த வேண்டும், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லில் போட்டு வைத்தாலே நாள் கணக்கில் ஆகும். இதைச் சொன்னதும் பயிற்சியாளர் சிரித்துக்கொண்டே, "ஃப்ரெஷ்ஷா இருந்தாத்தான் கலர் நிக்கும்" என்றார். மாதிரிக்கு வைத்திருந்த கம்மலில் இருந்ததோ காகிதம் போல உலர்ந்த பூ.

ஊற்றி முடித்ததும் மோல்டுகள் மேல் சூடான காற்றை வீசும் ஹீட் கன்னைப் பிடித்தார்கள். குமிழியைப் போக்க ஒரு வீச்சு காட்டுவார்கள், அது சரிதான். இவர்கள் காய வைப்பதற்காக ஒரே இடத்தில் பிடித்துக்கொண்டே இருந்தார்கள். ஒரு மோல்டு ஓரம் வளைந்து, என் பக்கத்தில் இருந்த அக்காவின் டாலர் ஒரு பக்கமாக வழிந்துவிட்டது. அவசரத்துக்கு அண்டாவுக்குள் கூடக் கை போகாது என்பார்களே, அதைக் கண்ணெதிரே பார்த்தேன்.

அதற்குள் ஓரத்தில் இன்னொன்று நடந்துகொண்டிருந்தது. பங்கு போட்டது போக மிச்சக் கலவை ஒரு பெரிய பிளாஸ்டிக் கப்பில் அப்படியே இருந்தது. ரெசின் கெட்டிப்படும்போது சூடு கிளம்பும். மெல்லிய அடுக்காக இருந்தால் அந்தச் சூடு பரவிப் போய்விடும், குவியலாக இருந்தால் உள்ளேயே ஏறிக்கொண்டு போகும். கப் முதலில் ஒரு பக்கம் குழைந்தது, பிறகு மூக்கை அரிக்கும் புகை வந்தது. உதவியாளர் வெறுங்கையால் அதைத் தூக்கி, "ஆ!" என்று கீழே போட்டார். ஏசிக்காக ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. ஒருவர் இருமத் தொடங்கிய பிறகுதான் கதவையே திறந்தார்கள்.

கிழிந்த உறை வழியாக என் விரல்களில் ரெசின் பட்டிருந்தது. துடைக்கத் தின்னர் கொடுத்தார்கள். தின்னர், அசிட்டோன் எதையும் தோலில் போடாதீர்கள். அவை தோலின் எண்ணெய்ப் பசையை எடுத்துவிட்டு, கரைந்த ரெசினுக்கு உள்ளே போக வழி செய்து கொடுக்கும். பேப்பரால் ஒற்றி எடுத்துவிட்டு, சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவுவதுதான் முறை.

"இன்னும் கொஞ்சம் செட் ஆகணும், வீட்டுல போய் எடுத்துக்கோங்க" என்று மோல்டோடு கவரில் போட்டு அனுப்பினார்கள். அன்றைக்கே போட்டுக்கொண்டு போகிற நகை அது! வீட்டில் பல நாள் கழித்து எடுத்தபோதும் டாலரில் என் கட்டைவிரல் ரேகை அச்சாக விழுந்தது. கொக்கி மாட்டப் போட்ட துளை தானாக மூடிக்கொண்டது. இதழ்கள் ஈரத்தில் ஊறிய சருகு நிறத்துக்குப் போய்விட்டன. விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும் சிவந்து அரித்தது வேறு. தோல் மருத்துவர் பார்த்துவிட்டு, இந்த முறை எரிச்சலோடு போயிற்று, திரும்பத் திரும்பப் பட்டால் ஒவ்வாமையாகவே மாறலாம் என்றார்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். முதல் பதில், "வெயில்ல ரெண்டு நாள் வைங்க". வெயில் கெட்டிப்படுத்துவது யூவி ரெசினை, அதாவது புற ஊதா ஒளி பட்டுக் கெட்டியாகும் வேறு வகை ரெசினை. விகிதம் தப்பிய எபாக்ஸியை இல்லை. அதைச் சொன்னதும், "நீங்க கலர் அதிகமா போட்டிருப்பீங்க". பிக்மென்ட் அளவு மீறினால் கெட்டிப்படாது என்பது உண்மைதான். ஆனால் என் டாலரில் நிறமே கிடையாது, வெறும் பூ. படம் அனுப்பினேன். அடுத்த பதில், அவர்களுடைய அட்வான்ஸ்டு வகுப்புக்குத் தள்ளுபடி கூப்பன். லேபிளே இல்லாத பாட்டில்களோடு ஒரு 'வீட்டு கிட்'டும் வாங்கச் சொன்னார்கள். அதற்குப் பிறகு என் எண்ணைப் பிளாக் செய்துவிட்டார்கள்.

ஒரே அமர்வில் முடித்துக் கொண்டுபோகும் ரெசின் வகுப்பு இருக்கவே முடியாதா என்றால், முடியும். யூவி ரெசின் விளக்குக்குக் கீழே சில நிமிடத்தில் கெட்டியாகும். மெல்லிய அடுக்குகளாக ஊற்ற வேண்டும், ஒளி புகாத அடர் நிறம் போடக் கூடாது, கையுறை அதற்கும் வேண்டும். எபாக்ஸி வகுப்பை ஒழுங்காக நடத்துகிறவர்கள் பொருளை அங்கேயே வைத்துக்கொண்டு சில நாள் கழித்து வாங்கிக்கொள்ளச் சொல்வார்கள், அல்லது இரண்டு அமர்வாகப் பிரிப்பார்கள். எனவே போன் போட்டு, எந்த ரெசின், கலவையை நானே அளந்து கலக்கலாமா, பொருள் எப்போது கைக்கு வரும், கையுறை நைட்ரைலா என்று கேளுங்கள். "அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம்" என்று வந்தால் வைத்துவிடுங்கள்.

இதே மாதிரி வகுப்புக்குப் போய்வந்த பிறகு கையிலோ கண்ணிமையிலோ அரிப்பு, தடிப்பு இருந்தால் கடையில் களிம்பு வாங்கிப் போட்டுக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள். தோல் மருத்துவரிடம் எபாக்ஸி ரெசினில் கை வைத்ததைச் சொல்லுங்கள். பாட்டிலின் லேபிளைப் படம் எடுத்திருந்தால் காட்டுங்கள். தேவைப்பட்டால் பேட்ச் டெஸ்ட், அதாவது எது ஒவ்வாமை தருகிறது என்று தோலில் ஒட்டிப் பார்க்கும் சோதனை, செய்து பார்ப்பார்கள். பிசுபிசுப்பான நகையை அதுவரை காதிலோ கழுத்திலோ போட வேண்டாம், குழந்தைகள் கையிலும் கொடுக்க வேண்டாம்.