மழைக்கால இலங்கை: ஜூனா, நவம்பரா?

"மழைக்காலத்தில் இலங்கைக்கு வரலாமா?" என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எந்த மழை? இந்தச் சின்னத் தீவுக்கு மழைக்காலம் ஒன்றல்ல. மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவமழை. டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ் பருவமழை. நடுவே ஒக்டோபர், நவம்பரில் இரண்டு கணக்கிலும் சேராத இடிமழை. கூட்டமும் விலையும் இறங்கியிருக்கும் என்று பலர் கண்வைப்பது ஜூன் மீதும் நவம்பர் மீதும்தான். என்னைக் கேட்டால் ஜூன்.

ஜூன் மழைக்கு ஓர் எல்லை இருக்கிறது, அதுதான் காரணம். தென்மேற்கிலிருந்து வரும் ஈரக்காற்று மலைநாட்டில் முட்டி, வட்டவளை, கினிகத்தேனைப் பக்கமே கொட்டித் தீர்த்துவிடும். மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்கும்போது அதில் ஈரம் மிஞ்சாது, சூடுதான் மிஞ்சும். மட்டக்களப்பில் கச்சான் காற்று என்று திட்டுவது இதைத்தான். பதுளை ரயிலில் இந்த எல்லையைக் கண்ணாலேயே பார்க்கலாம். பட்டிப்பொலவில் தூறலுக்குப் பயந்து ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருப்போம். சுரங்கத்துக்குள் ரயில் நுழையும், பெட்டி இருட்டும், பிள்ளைகள் கூச்சல் போடும். ஒகியாப் பக்கம் வெளியே வந்தால் சரிவெல்லாம் வெயில். ஒவ்வொரு நாளும் இப்படி அமையாது. ஒருமுறை சுரங்கத்துக்கு இரண்டு பக்கமும் நனைந்திருக்கிறேன். ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை, மலையின் இந்தக் கிழக்குப் பக்கத்து ஊவாத் தேயிலைக்கு வரும் தனி வாசமும் இந்தக் காய்ந்த காற்றின் கைவேலைதான்.

ஆக, ஜூனில் மழை பிடிக்காவிட்டால் வாகனத்தைக் கிழக்கே திருப்பினால் போதும். நிலாவெளியிலும் பாசிக்குடாவிலும் கடல் சாதுவாகக் கிடக்கும். அறுகம்குடாவில் அலைச்சறுக்குக்காரர்கள் நிறைந்திருப்பார்கள். சிகிரியா காய்ந்திருக்கும், உச்சியில் காற்றுத்தான் தொப்பியைப் பறிக்கும். மின்னேரியாக் குளம் வற்ற வற்ற யானைகள் வந்து சேரும். ஓகஸ்ட் வரை பொறுத்தால் இன்னும் நிறையப் பார்க்கலாம்.

இழப்பு இல்லாமல் இல்லை. தென்மேற்குக் கரையில் ஹிக்கடுவை, உணவட்டுன, மிரிஸ்ஸ எல்லாம் ஜூனில் கடல் கொந்தளிப்பு. சிவப்புக் கொடி பறந்தால் காலைக்கூட நனைக்க வேண்டாம். சிவனொளிபாதமலை யாத்திரைப் பருவம் வெசாக் பௌர்ணமியோடு முடிந்துவிடும். அதன் பிறகு படிகளில் விளக்கும் இல்லை, தேத்தண்ணிக் கடையும் இல்லை, அட்டைதான் உண்டு. சிங்கராஜக் காட்டிலும் அதே அட்டைதான், காலுறைக்குள் புகுந்து வயிறு நிறைந்த பிறகே தெரியவரும். இன்னொன்று, ஜூன் என்று நான் சொல்வதை மே என்று வாசித்துவிடாதீர்கள். மழை இறங்கும் மாதம் முரட்டு மாதம். 2016 மே மாதம் அரநாயக்கவில் மலை சரிந்தது. 2017 மே மாதம் இரத்தினபுரியும் களுத்துறையும் மாத்தறையும் வெள்ளத்தில் கிடந்தன.

நவம்பர் மழைக்கு அந்த எல்லை கிடையாது. மாதத் தொடக்கத்தில் ஓர் ஒழுங்கு தெரியும்: காலையில் நீல வானம், மதியம் திரும்பியதும் கருமேகம், பிறகு இடி. ஐந்து மணிக்கே எழும்பிப் பார்ப்பதையெல்லாம் பார்த்துவிட்டு மத்தியானம் படுத்துவிடலாம். வங்கக் கடலில் ஒரு தாழமுக்கம் உருவானால் அந்தத் திட்டமும் போச்சு. எந்தப் பக்கம் ஓடினாலும் மழை கூடவே வரும். குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் படகு ஓடாது. மட்டக்களப்பை அடித்த 1978 சூறாவளியும் நவம்பரில்தான். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மலைநாட்டில் மண்சரிவில் ஊர்கள் புதைந்தன, வீதியும் தண்டவாளமும் அறுந்தன.

அழகில் நவம்பர் ஜெயிக்கும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஜூனில் வெடித்துக் கிடக்கும் வன்னி வயல் அப்போது காலபோக நெற்பயிரின் பச்சையில் நிற்கும். நல்ல மழையென்றால் குளங்கள் நிரம்பி வழிந்து வான் பாயத் தொடங்கும். அந்த இரைச்சலைப் பார்க்க ஊரே சைக்கிளில் வந்து நிற்கும், யாராவது ஒருவர் வலை வீசிக்கொண்டிருப்பார்.

விடுமுறை நவம்பரில்தான் என்றால் காலி, மிரிஸ்ஸப் பக்கமாகத் தங்குங்கள். தெற்குக் கடல் மெல்ல அடங்கி, திமிங்கிலம் பார்க்கும் படகுகள் மீண்டும் புறப்படும் காலம் அது. மலைநாட்டு அறைகளுக்கு முன்பணம் கட்டிவைக்காதீர்கள். போகத்தான் வேண்டுமென்றால் முதல்நாள் இரவு தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். மஞ்சள் என்றால் சாரதியோடு பேசி முடிவெடுக்கலாம். செம்மஞ்சளோ சிவப்போ என்றால் கடற்கரையிலேயே இன்னொரு நாள் இருங்கள்.