தொப்பியா, தாளமா: ஒரு சவுண்ட்பாரும் நான்கு ஆராதனைகளும்

கோவையிலிருந்து தங்கை மகன் போனில் கேட்டான்: "மாமா, உங்களிடம் இருக்கிற அதே சவுண்ட்பார் இரண்டாயிரம் ரூபாய் இறங்கியிருக்கிறது. வாங்கிவிடட்டுமா?" வாங்கு, வாங்காதே என்று ஒரு சொல்லில் முடித்திருக்கலாம். வாயில் இரண்டுமே வந்தன. எழுதி அனுப்புகிறேன் என்று வைத்துவிட்டேன்.

எத்தனை வாட், எத்தனை ஸ்பீக்கர் என்பதெல்லாம் அட்டைப்பெட்டியிலேயே போட்டிருக்கிறது. நான் சொல்லப்போவது வேறு. 2021 கடைசியில் டிவியோடு இணைக்கும் இந்த நீள ஸ்பீக்கரை வாங்கியது ஒரே காரணத்துக்காக: தியாகராஜரின் நினைவு நாளில் நடக்கும் திருவையாற்றுத் தியாகராஜ ஆராதனை. பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையிலிருந்து இரண்டு பஸ், ஒரு ரயில் மாறித் திருவையாறு போய்ச் சேர முழங்கால் இனி ஒத்துக்கொள்ளாது. அவர் மறைந்த திதியான புஷ்ய பகுள பஞ்சமி அன்று காலை ஒன்பது மணிக்கு, அவருடைய ஐந்து பெரிய கீர்த்தனைகளான பஞ்சரத்தினம் (நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என ராக வரிசையில்) தொடங்கும்போது டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவேன். மொட்டை மாடியில் இருப்பது டிடி ஃப்ரீ டிஷ்; மாதக் கட்டணம் கிடையாது. ஜனவரியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பேயாக வீசும், மயில் வந்து டிஷ் மேல் உட்காரும், படம் கட்டம் கட்டமாக உடையும். அதையெல்லாம் நான் குறையாகச் சொல்லமாட்டேன். மயிலிடம் என்ன பேசுவது?

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். முப்பது வருடமாக டிவியில் நான் கேட்டது அரை மிருதங்கம். வலக்கைப் பக்கமான வலந்தலை மட்டும் தகரம்போலத் தட்டும்; இடக்கைப் பக்கமான தொப்பியை அந்தச் சின்ன ஸ்பீக்கர் விழுங்கிவிடும். சவுண்ட்பார் வந்த முதல் ஆராதனையில் நாட்டை தொடங்கி, வரிசையாக உட்கார்ந்த மிருதங்கங்கள் சேர்ந்துகொண்டபோது, தொப்பியின் கும்கி என்கிற ஆழ்ந்த ஒலி நெஞ்சில் வந்து இடித்தது. அலமாரியில் கவிழ்த்து வைத்திருந்த எவர்சில்வர் டம்ளர் சன்னமாக அதிர்ந்தது. மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள். கொடுத்த பணம் அந்த நிமிடத்திலேயே செரித்துவிட்டது.

கௌளை வந்தபோதுதான் சனியன் பிடித்தது.

புளூடூத்தில் இணைத்திருந்தேன். திரையில் பாகவதர்களின் கை தொடையில் விழுகிறது; விழுந்து ஒரு கணம் கழித்துத்தான் தாளத்தின் முதல் அடியான சமம் கேட்கிறது. சீரியல் பார்ப்பவர்களுக்கு இது உறுத்தாது, அங்கே ஒரு வாய்தான் அசைகிறது. பந்தலிலோ வரிசை வரிசையாகக் கைகள். பஞ்சரத்தினம் ஐந்தும் ஆதி தாளம். தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. இத்தனை கையும் ஒரே அளவுக்குத் தவறினால் என் கை கண்ணைக் கேட்குமா, காதைக் கேட்குமா? பாதியில் நின்றுவிட்டது. ஐம்பது வருடமாகத் தாளம் போடுகிற கை.

அடுத்த ஆண்டு ஒயர் வாங்கி இணைத்தேன். இப்போது சத்தம் முந்திக்கொண்டது! படத்தை மெருகேற்ற டிவி எடுத்துக்கொள்ளும் நேரத்துக்குள் சத்தம் ஒயர் வழியே ஓடிவந்துவிடுகிறதாம். பிந்தினாலாவது பொறுக்கலாம். மின்னிய பிறகுதானே இடி? தூரத்தில் துணி துவைப்பவரின் கை ஓங்கிய பிறகுதான் அடி கேட்கும், அது பழகியது. கை இறங்குமுன் அடி கேட்பது உலகத்தில் எங்கும் இல்லாத வழக்கம். ஸ்ரீ ராகம் வரை பார்க்காமல் எழுந்துவிட்டேன்.

பழுது பார்க்கிற பையனை வரவழைத்தேன். நான் பள்ளி வாத்தியார் என்பதால் அவனுக்கு நான் மாஷ். செய்திச் சேனலை வைத்து, "உதடு சரியாகத்தானே அசைகிறது மாஷே, இதில் என்ன கோளாறு?" என்றான். போனில் பழைய கச்சேரி ஒன்றைப் போட்டு, அதை டிவியில் காட்டி, பக்கத்தில் உட்காரவைத்து, அவன் கையைப் பிடித்துத் தாளம் போடவைத்தேன். தாளம் இரண்டு ஆவர்த்தனம், அதாவது இரண்டு சுற்று, வருவதற்குள் புரிந்துகொண்டான்; கெட்டிக்காரன். சவுண்ட்பாரின் மெனுவில் ஐந்தாவது அடுக்கில் ஒலித் தாமதம் என்று ஒன்று ஒளிந்திருந்தது. அதை நூற்றிருபது மில்லிசெகண்டில் நிறுத்தினான். கையும் சத்தமும் பூட்டுச் சாவி போலப் பொருந்தின. முந்நூற்றைம்பது ரூபாய்.

2024 ஜனவரி 30, அந்த ஆண்டின் ஆராதனை. பொதிகை சேனல் டிடி தமிழாக மாறிய அதே மாதம். ஒரு குறை இல்லை. அந்த ஒரு காலைக்காக இந்தப் பெட்டிக்கு நூற்றுக்கு நூறு போடலாம்.

போடமாட்டேன். ஏனென்றால் இந்தப் பெட்டிக்கு ஞாபகம் கிடையாது. மின்சாரம் ஒரு நொடி போய் வந்தால் போதும், நூற்றிருபது பூஜ்யமாகிவிடுகிறது. சத்தத்தின் அளவு நினைவிருக்கிறது, புளூடூத்தில் யார் யார் இணைந்தார்கள் என்பது நினைவிருக்கிறது, இது மட்டும் மறந்துபோகிறது. 2025 ஜனவரி 18 ஆராதனையன்று ஆரபி முடிகிற நேரம் மின்சாரம் கண்ணடித்தது. வந்தது வராளி. மற்ற நான்கும் கச்சேரியிலாவது காதில் விழும்; வராளியைக் குரு நேரடியாகச் சொல்லிக்கொடுத்தால் ஆகாது என்கிற நம்பிக்கை ஒன்று உண்டு, கேட்கக் கிடைப்பதும் அரிது. நான் கண்ணாடியைத் தேடி, ரிமோட்டைத் தேடி, ஐந்து அடுக்கு இறங்கி, பத்துப் பத்தாக நூற்றிருபது வரை ஏற்றி முடித்து நிமிர்ந்தால் ஸ்ரீ ராகம்.

"கண்ணை மூடிக்கொண்டு கேட்டிருக்கலாமே" என்றாள் மனைவி. கூடவே ஒரு கணக்கும் போட்டாள். சத்தம் ஒரு நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். பந்தலில் ஸ்பீக்கரிலிருந்து 34 மீட்டர் தள்ளி நின்றாலே பத்தில் ஒரு நொடி பிந்தும். கல்யாணமான புதிதில் இருவரும் கடைக்கோடியில் நின்றுதானே கேட்டோம், அப்போது உங்கள் தாளம் எங்கே போயிற்று என்றாள். கணக்குச் சரி. அதனால்தான் எனக்குக் கோபம் கூடியது. அங்கே பிந்தியது, ஒருநாளும் முந்தவில்லையே!

சவுண்ட்பாரை அணைத்துவிட்டு டிவியின் சொந்த ஸ்பீக்கரிலேயே கேட்டும் பார்த்தேன். தாளம் அட்சரம் பிசகாமல் நிற்கிறது. தொப்பி இல்லை.

ஆகவே மருமகனே, வாங்காதே. இரண்டாயிரம் அல்ல, ஐயாயிரம் இறங்கினாலும் வாங்காதே. இதை எழுதி அனுப்பிய கால் மணி நேரத்தில் பதில் வந்தது: "அப்படியென்றால் உங்களுடையதை எனக்குக் கொடுத்துவிடுங்கள் மாமா, சும்மாதானே கிடக்கிறது?"

தர முடியாது.