எல்டிஸ்பைஸில் மாற்றிய செட்டிங் மறுநாள் காணோமா? ஒரு பயனர் விமர்சனம்

சர்க்யூட் சிமுலேஷனுக்கு நான் பல வருடங்களாக எல்டிஸ்பைஸ்தான் பயன்படுத்துகிறேன். காசு கிடையாது, நோடு எண்ணிக்கைக்கு வரம்பு கிடையாது, பழைய லேப்டாப்பிலும் தடுமாறாமல் ஓடும். லீனியர் டெக்னாலஜியில் மைக் எங்கல்ஹார்ட் எழுதிய மென்பொருள் இது. 2017இல் அந்த நிறுவனம் அனலாக் டிவைசஸிடம் போன பிறகும் இலவசமாகவே தருகிறார்கள். ஐந்துக்கு நாலரை தாராளமாகக் கொடுப்பேன். பிடித்துக்கொண்ட அந்த அரை மதிப்பெண்ணைப் பற்றித்தான் இங்கே அதிகம் எழுதப்போகிறேன், ஏனென்றால் "செட்டிங் மாத்துறேன், மூடித் திறந்தா பழையபடி ஆயிடுது, இன்ஸ்டால்ல கோளாறா?" என்று என்னிடம் கேட்காத ஆளே இல்லை. நான் சொல்வது 2016இல் வந்த பதினேழாம் பதிப்பை வைத்து.

எனக்கு இது புரிந்தது ஒரு ஆடியோ ஆம்ப்ளிஃபயர் வேலையில். ஒரு கிலோஹெர்ட்ஸ் சைன் அலையைக் கொடுத்து, அவுட்புட்டை எஃப்எஃப்டி (அலையில் எந்தெந்த அதிர்வெண் எவ்வளவு இருக்கிறது என்று பிரித்துக் காட்டும் கணக்கு) போட்டு, ஹார்மானிக்ஸ், அதாவது மூல அதிர்வெண்ணின் மடங்குகள், எவ்வளவு வருகிறது என்று பார்க்க வேண்டும். முதல் நாள் ராத்திரி எல்லாம் சுத்தமாக வந்தது. மறுநாள் அதே சர்க்யூட், ஒரு ரெசிஸ்டர்கூட மாற்றவில்லை, ஆனால் நாய்ஸ் ஃப்ளோர் (அடியில் தெரியும் இரைச்சல் மட்டம்) பல பத்து டெசிபல் மேலே ஏறி உட்கார்ந்திருக்கிறது. டிரான்சிஸ்டர் மாடலைச் சந்தேகப்பட்டேன், பயாஸைச் சந்தேகப்பட்டேன், பாதி நாள் போனது. கடைசியில் பார்த்தால், முதல் நாள் நான் நிறுத்திவைத்த டேட்டா கம்ப்ரஷன் தானாகத் திரும்ப வந்திருக்கிறது.

எல்டிஸ்பைஸ் அலைவடிவத்தைக் கோப்பில் எழுதும்போதே சுருக்கி எழுதும். சுருக்காத கோப்பில் ஐம்பதில் ஒரு பங்கு அளவுக்குக்கூட இறங்கும் என்று அதன் ஹெல்ப் சொல்கிறது. ஆனால் கொஞ்சம் விவரத்தைத் தூக்கிப் போட்டுச் சுருக்கும் முறை அது. திரையில் அலையைப் பார்க்கிற வரைக்கும் வித்தியாசமே தெரியாது. எஃப்எஃப்டி போட்டால்தான் வண்டவாளம் வெளியே வரும். அதனால் ஆடியோக்காரர்கள் அதை நிறுத்திவிட்டுத்தான் அளப்பார்கள்.

சரி, ஏன் திரும்ப வந்தது? மேலே இருக்கும் சுத்தியல் படத்தைச் சொடுக்கினால் கன்ட்ரோல் பேனல் திறக்கும். அதில் சில செட்டிங்குகளின் பக்கத்தில் சதுர அடைப்புக்குள் ஒரு நட்சத்திரம் இருக்கும், சிலவற்றுக்கு இருக்காது. நட்சத்திரம் போட்டதை மட்டும்தான் நிரல் அடுத்த முறைக்கு நினைவில் வைத்துக்கொள்ளும். கம்ப்ரஷன் செட்டிங்குகளை வேண்டுமென்றே நினைவில் வைப்பதில்லை, எல்லோரும் இயல்பு மதிப்பிலேயே ஓட்டட்டும் என்பதற்காக என்று ஹெல்ப்பில் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள். ஆக, இது கோளாறே இல்லை. அப்படித்தான் செய்திருக்கிறார்கள்.

அப்படியானால் வழி? அந்த மதிப்பைப் பேனலில் வைக்காமல் ஸ்கிமேட்டிக்கிலேயே (நாம் வரையும் சர்க்யூட் படத்திலேயே) ஸ்பைஸ் டைரக்டிவாக, அதாவது சிமுலேட்டருக்கான கட்டளை வரியாக, எழுதிவிட வேண்டும். புள்ளி வைத்து ஆப்ஷன்ஸ், அதற்குப் பின்னால் பிளாட்வின்சைஸ் = 0 (.options plotwinsize=0). அவ்வளவுதான், கம்ப்ரஷன் நிற்கும் (சும்மா விட்டால் அந்த மதிப்பு 300). கூடவே நம்டிஜிட் (numdgt) மதிப்பை 15 என்று வைத்தால் டேட்டா இரட்டைத் துல்லியத்தில் சேமிக்கப்படும், எஃப்எஃப்டிக்கு அதுவும் தேவை. எனக்கு இந்த முறை மிகவும் பிடித்துப்போனது. நாளை அதே கோப்பை நண்பருக்கு அனுப்பினாலும் செட்டிங் கூடவே போகும், என் மெஷினில் வந்த விடைதான் அவருக்கும் வரும். பேனலில் மட்டும் மாற்றியிருந்தால் அவர் விடை வேறு, என் விடை வேறு, யார் சர்க்யூட் தப்பு என்று இருவரும் சண்டை போட்டுக்கொண்டிருப்போம்.

என் குறை ஒன்றுதான். இவ்வளவு முக்கியமான விஷயத்தை ஒரு பொடி நட்சத்திரத்தை நம்பி விட்டிருக்கக் கூடாது. புதிதாக வருகிற மாணவனுக்கு அது கண்ணிலேயே படாது.

எல்லாமே இந்த நட்சத்திர விவகாரம்தான் என்றும் நினைத்துவிடாதீர்கள். யாராவது கேட்டால் நான் முதலில் செய்யச் சொல்வது இதுதான்: ஸ்கிமேட்டிக்கின் பின்னணி நிறத்தை மாற்றுங்கள், நிரலை மூடித் திறங்கள். நிறம் அப்படியே நின்றால் செட்டிங் கோப்பு ஒழுங்காக எழுதப்படுகிறது, நீங்கள் தேடுவது நினைவில் வைக்காத வகை. நிறமும் பழையபடி ஆகிவிட்டால்தான் கோப்பு எழுதுவதில் சிக்கல். பதினேழாம் பதிப்பில் செட்டிங்குகளைச் சேமிக்கும் அந்த ஐஎன்ஐ கோப்பு (LTspiceXVII.ini) உங்கள் யூசர் கணக்கின் ஆப்டேட்டா ரோமிங் ஃபோல்டரில் இருக்கும். அது ரீட் ஒன்லி ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகமாக இருந்தால் அழிக்காமல் பெயரை மட்டும் மாற்றிவிட்டு நிரலைத் திறங்கள், புதிதாக ஒன்றை எழுதிக்கொள்ளும்.

இன்னமும் நான்காம் பதிப்பை வைத்திருப்பவர்களுக்கு வேறொரு தலைவலி. அது ஸ்காட்3 (scad3.ini) என்ற ஐஎன்ஐ கோப்பை விண்டோஸ் ஃபோல்டருக்குள்ளேயே எழுதும். விஸ்டாவிலிருந்து சாதாரண யூசருக்கு அங்கே எழுத அனுமதி கிடையாது, அதனால் விண்டோஸ் சத்தமில்லாமல் அந்த எழுத்தை விர்ச்சுவல்ஸ்டோர் என்ற ஃபோல்டருக்குத் திருப்பிவிடும். ஒரு நாள் அட்மினாகத் திறந்து செட்டிங் மாற்றி, அடுத்த நாள் சாதாரணமாகத் திறந்தால் நீங்கள் பார்ப்பது வேறொரு கோப்பை. இரண்டிலும் சேவ் ஆகியிருக்கும், ஆனால் ஒன்றில் மாற்றியது மற்றதில் தெரியாது! எப்போதும் ஒரே மாதிரி திறப்பதுதான் வழி. முடிந்தால் பதிப்பை மாற்றிவிடுங்கள்.

அப்புறம் லேப் கதை. நான் பகுதிநேரமாகச் சொல்லிக்கொடுக்கும் ஒரு பாலிடெக்னிக்கில், ரீஸ்டார்ட் செய்தால் சி டிரைவ் முழுக்கப் பழைய நிலைக்குப் போய்விடும்படி கம்ப்யூட்டர்களை அமைத்திருக்கிறார்கள். வைரஸுக்குப் பயந்து செய்தது, அதில் தப்பில்லை. ஆனால் பசங்க வைத்த நிறம், ஷார்ட்கட் கீ எல்லாம் தினமும் அழிந்துபோகும். இதற்கும் எல்டிஸ்பைஸிலேயே மருந்து இருக்கிறது. நிரலைத் திறக்கும் ஷார்ட்கட்டின் கட்டளை வரியில், ஒரு கோடு போட்டு ஐஎன்ஐ (-ini) என்று எழுதி, பக்கத்தில் நமக்கு வேண்டிய கோப்பின் பாதையைக் கொடுத்தால் அந்தக் கோப்பைத்தான் படிக்கும், அதில்தான் எழுதும். டி டிரைவில் ஒரு ஃபோல்டர் போட்டு அப்படிச் செய்தோம், பிரச்சினை தீர்ந்தது.

அதே ஃபோல்டரில் காலியான ஸ்கிமேட்டிக் ஒன்றையும் வைத்திருக்கிறேன், மேலே சொன்ன இரண்டு ஆப்ஷன்களை மட்டும் அதில் எழுதி. புது சர்க்யூட் போட வருகிறவர்கள் அதை நகலெடுத்துத்தான் தொடங்குகிறார்கள். உங்களுக்கு ஆடியோ வேலை என்றால் இன்றைக்கே அப்படி ஒரு கோப்பைத் தயார் செய்துவிடுங்கள், இரண்டு நிமிட வேலைதான்.